வெளியூர் ஆளுக்கு மடை காட்டுவது

ஐப்பசி மழை பிடித்த பிறகு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கரிசலும் செவலும் மாறி மாறி வரும். இடையிடையே கண்மாய்க் கரைகள், கரையோரம் பனைகள். உள்வாயில் சீமைக் கருவேலம் எவ்வளவு மண்டிக் கிடந்தாலும் தண்ணீர் தன் வழியைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்துவிடும். குண்டாற்றுப் பக்கத்துக் கண்மாய்கள் பலவும் சங்கிலியாகக் கோத்தவை. மேல் கண்மாய் பெருகினால் மறுகால் பாயும். அந்த மறுகால் கீழ்க் கண்மாய்க்கு வரத்துக்கால். மேலே மிகுநீர் வழியும் கலுங்கு ஒன்றை அரையடி உயர்த்திவிட்டால், கீழே இரண்டு ஊர் தள்ளி யாரோ ஒருவரின் வயல் காயும்.

அந்தக் கரையில் நன்கு படித்த ஒரு பொறியாளரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் அழுத்தம், மதகின் அளவு, மண்ணின் தன்மை எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் இன்றைக்கு எந்த மடையைத் திறக்க வேண்டும் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் நீர்ப்பாய்ச்சி. எந்த மடையில் எத்தனை வயல் பாயும், எந்த வாய்க்கால் எங்கே உடைப்பெடுக்கும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அவருக்குக் காலால் நடந்து வந்த அறிவு. அறுவடையில் ஆளுக்கு இவ்வளவு நெல் என்று ஊர் அவருக்கு அளந்தது அதற்காகத்தான்.

இன்று மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ஏ.ஐ. உதவியாளர்கள் அந்தப் பொறியாளரைப் போன்றவை. பைத்தான் தெரியும், ஜாவா தெரியும், உலகம் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களில் பெரும்பகுதியைப் படித்துப் பயின்றிருக்கின்றன. நம் கம்ப்யூட்டரில் நாம் எழுதி வைத்திருக்கும் நிரலை மட்டும் அவை பார்த்ததே கிடையாது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நீர்ப்பாய்ச்சியை நிறுத்தும் கருவிகள் கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு மென்பொருளின் எல்லா நிரல் கோப்புகளும் சேர்ந்ததைக் கோட்பேஸ் என்பார்கள். நிரல்தொகுப்பு என்று நாம் சொல்லலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் 3 கோடி வரிகளுக்கு மேல் உண்டு. நம் ஊர் விசைத்தறிக் கூடம் ஒன்றுக்குப் பாவுக் கணக்கும் கூலிக் கணக்கும் போட எழுதிய சிறு மென்பொருளாக இருந்தாலும் சில ஆயிரம் வரிகளைத் தொட்டுவிடும். அவை பல கோப்புகளில் பிரிந்து கிடக்கும். ஒரு கோப்பு இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். கண்மாய்ச் சங்கிலியின் சங்கதிதான் இங்கேயும். ஓரிடத்தில் கை வைத்தால் எங்கோ காயும்.

முழுத் தொகுப்பையும் உதவியாளரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒரு நேரத்தில் அது கண்முன் வைத்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சூழல் சாளரம் என்கிறார்கள். அளக்கும் அலகு டோக்கன், அதாவது ஒரு சொல்லோ சொல்லின் துண்டோ. 2020ல் வந்த ஜி.பி.டி.-3 என்ற மொழி மாதிரிக்கு 2,048 டோக்கன் இடம்தான் இருந்தது. 2024 பிப்ரவரியில் கூகுள் அறிவித்த ஜெமினி 1.5, 10 லட்சம் டோக்கனைத் தொட்டது. சாளரம் பெரிதாகிவிட்டது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை.

இந்த உதவியாளர்களுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை 2017ல் ஆசிஷ் வாஸ்வானியும் கூகுளில் அவருடன் இருந்தவர்களும் எழுதிய ஆய்வுக்கட்டுரை அறிமுகப்படுத்தியது. அதன் மூல வடிவில் ஒவ்வொரு டோக்கனும் மற்ற ஒவ்வொரு டோக்கனோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. நீளம் இரண்டு மடங்கானால் அந்த ஒப்பீட்டு வேலை நான்கு மடங்காகும். செலவும் நேரமும் அதோடு ஏறும். இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2023ல் நெல்சன் லியூவும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய மொழி மாதிரிகளுக்கு நீண்ட ஆவணங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். விடை தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தபோது நன்றாகப் பதில் சொன்னவை, விடை நடுவில் இருந்தபோது தடுமாறின. ஒரு நிரல்தொகுப்பை மொத்தமாகக் கொட்டினால் நமக்கு வேண்டிய நான்கு வரி பெரும்பாலும் நடுவில்தான் எங்கோ கிடக்கும். ஆகவே நிறையக் கொடுப்பதைவிட வேண்டியதை மட்டும் தேடி எடுத்துக் கொடுப்பது மேல்.

சூழல் இல்லாமல் என்ன பிழை வரும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரே போதும். அருப்புக்கோட்டை என்பதில் எத்தனை எழுத்து? அ, ரு, ப், பு, க், கோ, ட், டை. எட்டு. இதையே பைத்தான் மொழியில் நீளம் கேட்கும் வழக்கமான ஆணையிடம் கேட்டால் 15 என்று சொல்லும். யூனிகோடு முறையில் உகரக்குறிக்கும் புள்ளிக்கும் ஐகாரக் கொம்புக்கும் தனித்தனி எண் இருப்பதால் அது அவற்றையும் எண்ணிவிடுகிறது. யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அப்படிச் சேமித்தால் 45 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், எழுதும் விதத்தைப் பொறுத்து 12 அல்லது 13 பைட்டோடு முடிந்துவிடும். 'கோ'வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டாவது வகையில் வந்தால் 15 என்பது 16 ஆகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தமிழுக்கான கட்டற்ற பைத்தான் நிரல்தொகுப்பு ஒன்று இருக்கிறது: ஓப்பன்-தமிழ். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கியது. பலர் சேர்ந்து வளர்த்தது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் பகுதி, ஒலிபெயர்ப்புக்கு ஒரு பகுதி, 'சொல்திருத்தி' என்ற பெயரில் எழுத்துப்பிழை திருத்த ஒரு பகுதி என்று விரிந்து கிடக்கிறது. அருப்புக்கோட்டையை எட்டாகப் பிரித்துத் தரும் கெட்-லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு, அதில் உண்டு. இப்போது அந்தத் தொகுப்பில் ஒரு புது வசதி சேர்க்கும்படி உதவியாளரிடம் சொல்கிறோம்: ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தனியாக எடு. உள்ளே அப்படி ஒரு ஃபங்ஷன் இருப்பதைப் பார்க்காத உதவியாளர், உலகத்து நிரல்களில் எல்லாம் பார்த்த வழக்கப்படி நீள ஆணையைப் போட்டுவிட வாய்ப்புண்டு. நிரல் பிழை காட்டாமல் ஓடும். விடை மட்டும் தப்பாக வரும். ஓடாத நிரலைவிட இப்படி ஓடும் நிரல் ஆபத்தானது.

நீர்ப்பாய்ச்சிக் கருவி இங்கேதான் நுழைகிறது. அது தேடும் வழிகளில் மிகப் பழையது சொல் தேடல். யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக கென் தாம்ப்சன் எழுதிய கிரெப் 1973ல் வந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வரிகளையெல்லாம் காட்டும். 50 ஆண்டு கடந்தும் பல உதவியாளர்கள் இன்றும் அதையோ அதன் வாரிசுகளையோதான் முதலில் எடுக்கின்றன. சரியான சொல் தெரிந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது.

சரியான சொல் தெரியாதபோது பொருளை வைத்துத் தேட வேண்டும். நிரலின் ஒவ்வொரு துண்டையும் நீண்ட எண் வரிசையாக மாற்றி வைப்பார்கள். பொருள் நெருங்கினால் எண் வரிசைகளும் நெருங்கும். 'கூலி எங்கே கணக்கிடப்படுகிறது' என்று கேட்டால், வேஜ் என்று பெயர் வைத்த ஃபங்ஷன் வந்து நிற்கும். இதில் ஒரு கவனம் வேண்டும். ஐம்பது ஐம்பது வரியாக வெட்டித் துண்டாக்கும் கருவி, ஒரு ஃபங்ஷனின் தலையை ஒரு துண்டிலும் வாலை இன்னொன்றிலும் போட்டுவிடும். வரப்பைப் பாராமல் கயிறு பிடித்து வயலைப் பிரிப்பது போன்றது அது. ஃபங்ஷன் எல்லையில் வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. அது நிரலின் இலக்கணத்தைப் படிப்பது. கிட்ஹப் நிறுவனத்தில் இருந்தபோது மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்டு உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்ற பகுப்பான், ஒரு கோப்பை வாசித்து இது ஃபங்ஷன், இது அதன் பெயர், இங்கே அது இன்னொன்றைக் கூப்பிடுகிறது என்று கிளை பிரித்துத் தரும். நாம் ஒரு வரியைத் திருத்தினால் முழுக் கோப்பையும் மறுபடி படிக்காமல் மாறிய பகுதியை மட்டும் சரிசெய்துகொள்ளும். இப்படிக் கிடைத்த கிளைகளை எல்லாக் கோப்புக்கும் சேர்த்து இணைத்தால் ஒரு வரைபடம் வந்துவிடும்: யார் யாரைக் கூப்பிடுகிறார்கள். கண்மாய் வரைபடத்தில் எந்தக் கண்மாய்க்கு நிறைய வரத்துக்கால்கள் வந்து சேர்கின்றனவோ அதுவே பெரிய கண்மாய் என்று பார்த்தவுடன் தெரியும் அல்லவா? ஏய்டர் என்ற கட்டற்ற உதவிக் கருவி 2023ல் இதே எண்ணத்தைப் பயன்படுத்தியது. நிறையப் பேர் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு உயர்ந்த இடம் கொடுத்து, அவற்றின் தலைப்பு வரிகளை மட்டும் தொகுத்து, ஓராயிரம் டோக்கன் அளவில் ஊர் வரைபடம் ஒன்றை உதவியாளருக்கு முதலிலேயே கொடுத்துவிடும். கூகுள் தேடலுக்குப் பக்கங்களை வரிசைப்படுத்திய அதே கணக்குமுறைதான் இங்கும் உழைக்கிறது.

தேடித் தரும் கருவி ஒரு பக்கம், கேட்கும் உதவியாளர் ஒரு பக்கம். இரண்டும் எந்த மொழியில் பேசிக்கொள்ளும்? இதே சிக்கல் முன்பு நிரல் எழுதும் எடிட்டர்களுக்கு வந்தது. 10 எடிட்டர்களும் 20 நிரல்மொழிகளும் இருந்தால் 200 இணைப்புகள் எழுத வேண்டும். 2016ல் மைக்ரோசாஃப்ட் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. எல்லோரும் அதில் பேசினால் 30 எழுதினால் போதும் என்று ஆயிற்று. அதைப் பார்த்து ஊக்கம் பெற்று, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏ.ஐ., கூகுள் போன்ற போட்டி நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டன. வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் ஒரே பிளக் பாயின்ட்டுக்கு ஒத்துக்கொண்டது போல.

எம்.சி.பி.யில் தேடித் தரும் கருவியின் பெயர் சர்வர். பெயரைக் கேட்டு எங்கோ பெரிய கட்டடத்தில் இருக்கும் இயந்திரம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது நம் மடிக்கணினியிலேயே ஓடும் ஒரு சிறு நிரல். தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்று அது முதலில் பட்டியல் கொடுக்கும்: இந்தப் பெயருள்ள ஃபங்ஷனைத் தேடுவேன், இதைக் கூப்பிடுபவர்களைக் காட்டுவேன், இந்தக் கோப்பை வாசித்துத் தருவேன். உதவியாளர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேவையானபோது கேட்கும். கேள்வியும் பதிலும் ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் போய் வரும்.

அமைப்பது அரை மணி நேர வேலை. அதற்கு முன் வீட்டைப் பெருக்க வேண்டும். நிரலை கிட் என்ற பதிப்புக் காப்பு முறைக்குள் கொண்டுவாருங்கள். பலருடைய கம்ப்யூட்டரில் புதுசு, புதுசு-2, கடைசி, கடைசி-சரியானது என்று நான்கு நகல் ஃபோல்டர்கள் இருக்கும். நான்கையும் கருவி படித்தால், பழைய நகலில் இருக்கும் ஃபங்ஷனை எடுத்து வந்து இதுதான் என்று கொடுக்கும். உதவியாளர் அதை நம்பிவிடும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை வெளியே எடுத்துவிடுங்கள். பிறர் எழுதிய நூலகங்கள் இறங்கிக் கிடக்கும் ஃபோல்டர், தானாக உருவாகும் கோப்புகள், தரவுக் காப்புகள் இவற்றையெல்லாம் படிக்க வேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் போடுங்கள். என் கணிப்பில் கருவியின் தரத்தில் பாதி இப்படிப் பெருக்கிச் சுத்தம் செய்வதில் இருக்கிறது.

பிறகு சர்வரை நிறுவ வேண்டும். பெரும்பாலான சர்வர்கள் பைத்தானிலோ நோடு என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியிலோ எழுதப்பட்டவை. அந்த இரண்டும் கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரு வரி ஆணையில் இறங்கிவிடும். அடுத்து உதவியாளரின் அமைப்புக் கோப்பைத் திறந்து மூன்று விவரம் எழுத வேண்டும்: சர்வருக்கு ஒரு பெயர், அதைக் கிளப்பும் ஆணை, நிரல்தொகுப்பு இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதை. விண்டோஸ்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை ஜேசன் கோப்பில் இரண்டு முறை எழுத வேண்டும். ஒன்றே போட்டால் சர்வர் கிளம்பாது. பாதையைச் சுருக்காமல் முழுதாகக் கொடுங்கள். சேமித்து, உதவியாளரை மூடித் திறந்தால், கருவிகளின் பட்டியலில் புதுப் பெயர் வந்திருக்கும். முதல் முறை தொகுப்பு முழுவதையும் படித்துக் குறிப்பெடுக்கச் சிறிது நேரம் பிடிக்கும். நீங்களே சொந்தமாக சர்வர் எழுதுவதாக இருந்தால் ஒன்று: சோதனைக்காகத் திரையில் எதையாவது அச்சிடும் வரியை விட்டுவைக்காதீர்கள். பேச்சு போய்வரும் அதே வாய்க்காலில் அதுவும் விழுந்து உரையாடலைக் கெடுத்துவிடும்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வர் நம் மடிக்கணினியில்தான் ஓடுகிறது, ஆகவே நிரல் வெளியே போகாது என்று நினைப்பது தவறு. தேடுவது உள்ளே நடந்தாலும், தேடி எடுத்த துண்டு உதவியாளருக்குப் போகிறது. அந்த உதவியாளர் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருந்தால் துண்டும் அங்கேதான் போகிறது. வங்கிக் கணக்கு இணைப்பின் ரகசியச் சாவி, தறிக்காரர்களின் ஆதார் எண் போன்றவை நிரல் ஃபோல்டரில் இருக்கவே கூடாது. யார் எழுதியது என்று தெரியாத சர்வரை நிறுவாதீர்கள். நீங்கள் திறக்கக்கூடிய கோப்பையெல்லாம் அதுவும் திறக்கும். முதல் சில வாரம் வாசிக்கும் உரிமை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த கோப்பு ஒன்றில் உதவியாளருக்கே கட்டளை போல எழுதி வைத்து அதைத் திசைதிருப்பும் தந்திரமும் நடப்பில் உண்டு. அதனால் அது எதை மாற்றினாலும், மாற்றும் முன் உங்களைக் கேட்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் கருவி மடையைக் காட்டும், வாய்க்காலைக் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது.

தறிக்கூலி மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். தறிக்காரர் வாங்கிய முன்பணத்தை வாராவாரம் கூலியில் பிடித்தம் செய்கிறது. நடுவில் ஒரு நிபந்தனை: தீபாவளிக்கு முந்தைய 14 நாளில் பிடித்தம் வேண்டாம். பண்டிகைச் செலவு நேரத்தில் கை நிறையக் கூலி கொடுப்பதாகக் கூடத்து முதலாளி வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டது அது. எங்கும் எழுதியில்லை. கிட் வரலாற்றில் அந்த மாற்றத்துக்குக் குறிப்பு 'சரிசெய்தது' என்ற ஒற்றைச் சொல். இப்போது உதவியாளர் அந்த ஃபங்ஷனைப் பார்க்கிறது. பிடித்தம் இரண்டு வாரம் விடுபட்டிருக்கிறது, பிழை போலத் தெரிகிறது, நீக்கட்டுமா என்கிறது. அதன் பார்வையில் அது நியாயமான கேள்வி. நிரலை ஆயிரம் முறை தேடினாலும் அந்த ஒப்பந்தம் கிடைக்கப் போவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த மனிதரும் இதே இடத்தில்தான் தடுக்குவார். சரி என்று ஒரு விசையைத் தட்டினால், அந்த ஐப்பசியில் சில குடும்பங்களுக்குக் கூலி குறையும்.

இதற்காகத்தான் தொகுப்பின் தலை ஃபோல்டரில் ஒரு குறிப்புக் கோப்பு வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. ஏஜென்ட்ஸ் என்று அந்தக் கோப்புக்குப் பெயர் வைத்தால் பல உதவியாளர்கள் வேலை தொடங்கும் முன் தாமாகவே படித்துக்கொள்கின்றன. நிரலைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியதை அதில் எழுத வேண்டாம். பார்த்தாலும் தெரியாததை எழுதுங்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்றே சொல்வேன். ஆங்கிலத்தைவிடத் தமிழ் பொதுவாகக் கூடுதல் டோக்கன் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த 14 நாள் விவரத்தைச் சொல்லத் தெரிந்தவர் கூடத்து முதலாளி. அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் பொருள் சிதையாது. ஒரு பக்கத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். கூடத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து, இந்த நிபந்தனை ஏன், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கருவியை அமைக்கும் அரை மணி நேரத்தைவிட இந்த அரை நாள் கனமானது.

வேலை செய்கிறதா என்று சோதிக்க, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். ஓப்பன்-தமிழ் தொகுப்பை இறக்கி இணைத்திருந்தால், அருப்புக்கோட்டையில் எத்தனை எழுத்து, அதை எண்ண இந்தத் தொகுப்பில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். எட்டு என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், எத்தனையாவது வரி என்று காட்டச் சொல்லி, அந்தக் கோப்பை நீங்களே திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.